நிதானம் சாரின் லாகின்

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், பிணவறைக்கும் துணி வெளுக்கும் அறைக்கும் நடுவில் பதிவேட்டுப் பிரிவு இருந்தது. ஒன்பது மேசை, ஒன்பது நாற்காலி, ஒன்பது கணினி. ஆள் மட்டும் ஒருத்தி. பெரிய டாக்டரிலிருந்து கூட்டிப் பெருக்குகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் 'கோடிங் அக்கா'.

இருபத்திரண்டு வயதில் அந்தப் படிகளில் முதல்முதலாக இறங்கியபோது அவளுக்குக் கோப்பு சுமக்கிற வேலை. வார்டிலிருந்து கட்டுக் கட்டாக இறக்கி, எண் பார்த்து அடுக்க வேண்டும். பிறகு காகிதத்தையெல்லாம் ஸ்கேன் எடுத்துக் கணினியில் ஏற்றத் தொடங்கினார்கள். ஏற்றினால் போதாது; வீட்டுக்குப் போன ஒவ்வொரு நோயாளியின் கோப்பையும் ஒருவர் படித்து, டாக்டர் கிறுக்கியிருப்பதைப் புரிந்துகொண்டு, இன்ன நோய்க்கு இன்ன எண் என்று குறியீடு போட வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் அடுத்த தடவை வருகிறவருக்கு எந்த மருந்து ஆகாது என்று தெரியும். எந்தத் தெருவில் என்ன காய்ச்சல் பரவுகிறது என்று தெரியும். அதற்கான பரீட்சையை அவள் மடியில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு படித்துத் தேறினாள். இப்போது அவளுக்கு நாற்பத்து நான்கு. குழந்தை வேறு ஊரில் கல்லூரிக்குப் போகிறது.

மற்ற எட்டுப் பேரும் ஒரே நாளில் போகவில்லை. ஒருத்தி கல்யாணமாகிப் போனாள். ஒருவன் கடல் தாண்டிப் போனான். இரண்டு பேர் வயதாகி ஓய்வுபெற்றார்கள். மூன்று பேரைத் தனியார் கம்பெனிகள் அள்ளிக்கொண்டு போயின. கடைசியாக அவளும் நிதானம் சாரும்தான் மிச்சம். அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார் என்று யாரோ சொல்லப்போக, அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இரண்டே விரலால் தட்டுவார். ஒவ்வொரு கோப்பின் அடியிலும், யாரும் தொடாத குறிப்புக் கட்டத்தில், 'சரிபார்த்தேன், சரி' என்று எழுதுவார். கோடிங் அக்கா பரபரத்தால், "அவசரப்படாதம்மா. நோயாளி வீட்டுக்குப் போயாச்சு, நோய் எங்கேயும் போகாது" என்பார்.

அவருக்கு நுரையீரலில் கோளாறு வந்து படியேற முடியாமல் போனபோது, ஆஸ்பத்திரியே ஒரு மடிக்கணினியைக் கொடுத்து வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னது. இரண்டு வருஷம் அப்படிப் பார்த்தார். பிறகு இறந்துபோனார். கோடிங் அக்கா போய் அவர் முகத்தைப் பார்த்து, காலடியில் நின்று அழுதுவிட்டு வந்தாள்.

அது நடந்து ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தில் அவள் எட்டுக் கடிதம் எழுதினாள், ஆள் வேண்டும் என்று. எதற்கும் பதிலில்லை. அவர் பங்குக் கோப்புகள் மலையாகக் குவிந்துகிடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவர் பட்டியலைத் திறந்துவிடச் சொல்லிப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை. தன் பங்கையே அவளால் முடிக்க முடியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தலைமை அலுவலகத்து அம்மா ஒருவர் போன் செய்தார். ஆள் கணக்குப் பார்க்கிறவர்.

"மேடம், உங்க லெட்டர் எல்லாம் பார்த்தேன். ஆனா உங்க பிரிவுல ரெண்டு பேர் வேலை செய்றதா காட்டுதே. அதனால புது ஆள் கேட்க முடியாது."

"ரெண்டு பேரா? நான் ஒருத்திதாங்க."

"இல்லையே. இன்னொரு லாகின் தினமும் அறுபது கோப்பு முடிக்குது. உண்மையைச் சொன்னா, உங்களைவிட அவர் கொஞ்சம் அதிகம்."

"எந்த லாகின்?"

அந்த அம்மா எண்ணைச் சொன்னார். கோடிங் அக்காவுக்கு அந்த எண் மனப்பாடம். பதினெட்டு வருஷம் எதிர் மேசையில் இருந்த எண்.

"அவர் செத்துப் போயிட்டாரும்மா. ஏழு மாசமாச்சு."

மறுமுனையில் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "நீங்களே பாருங்க. அவர் பட்டியலை உங்களுக்குத் திறந்துவிடறேன்" என்று வைத்துவிட்டார்.

திரையில் பட்டியல் விரிந்தது. பார்க்கப் பயந்துகொண்டிருந்த மலை அங்கே இல்லை. வரி வரியாக எல்லாம் பச்சை. எல்லாம் முடிந்த கோப்புகள். நேற்று முடித்தவை, முந்தாநாள் முடித்தவை, போன மாதம் முடித்தவை. அவர் இறந்த தேதியை அவள் விரலால் தேடினாள். அந்த நாளும் அடுத்த மூன்று நாளும் ஒன்றுமில்லை. நான்காம் நாள் காலையிலிருந்து மறுபடி பச்சை. ஒரு கோப்பைத் திறந்தாள். குறியீடுகள் கச்சிதமாக இருந்தன. அடியில், குறிப்புக் கட்டத்தில்: 'சரிபார்த்தேன், சரி.'

இன்னொன்றைத் திறந்தாள். 'சரிபார்த்தேன், சரி.' இன்னொன்று. அதிலும்.

பகல் பதினொரு மணி. மேலே ஜன்னல் வழியே ஆட்களின் கால்கள் போய்க்கொண்டிருந்தன. துணி வெளுக்கும் இயந்திரம் பக்கத்து அறையில் உருண்டுகொண்டிருந்தது. எதிரே அவர் நாற்காலி, அவர் விட்டுப்போன மாதிரியே சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கோடிங் அக்கா எழுந்து போய் அதை மேசைக்கு நேராகத் திருப்பி வைத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வந்து உட்கார்ந்ததும் அதைப் பார்க்கப் பிடிக்காமல் மறுபடி போய்ச் சுவர்ப் பக்கமே திருப்பினாள்.

கணினியில் ஒருவருக்கொருவர் சந்தேகம் கேட்க ஒரு பெட்டி உண்டு. அவள் கையில் இருந்த கோப்பில் ஒரு பக்கம் இடது கால் என்றும் இன்னொரு பக்கம் வலது கால் என்றும் இருந்தது. அந்தப் பெட்டியில் அவர் எண்ணைப் போட்டு, கோப்பின் எண்ணையும் எழுதி, 'எந்தக் கால் முறிந்தது?' என்று கேட்டு அனுப்பினாள். கிணற்றில் கல் போட்ட மாதிரிதான், எதுவும் வராது என்று நினைத்தாள்.

நான்கு நிமிஷத்தில் பதில் வந்தது.

'வலது. மூணாம் பக்கம் எக்ஸ்ரே பாரு. அவசரப்படாதம்மா.'

அன்று மிச்ச வேலையை அவள் மேலே புறநோயாளிகள் கூடத்தில், இருமிக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் இருந்த ஜனங்களுக்கு நடுவில் உட்கார்ந்து முடித்தாள்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். சாயங்காலம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"பேயா இருந்தா இவ்வளவு ஒழுங்கா வேலை செய்யாதுடி. எனக்கு மாசம் ஒரு போன் வரும், ஆளே இல்லாம லிஃப்ட் மாடி மாடியா நிக்குதுன்னு. போய்ப் பார்த்தா எவனாவது எல்லா பட்டனையும் அமுக்கிட்டு படி வழியா இறங்கிப் போயிருப்பான். உன் லிஃப்ட்டுக்கும் பட்டன் அமுக்கின ஆளு ஒண்ணு இருக்கும். தேடு."

அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் அவள் அன்று சமையலறைக்குள் தனியாகப் போகவில்லை. அவனையும் கூட நிற்கவைத்தே பாத்திரம் கழுவினாள்.

மறுநாள் பட்டியலை முழுவதும் மேலிருந்து கீழே பார்த்தாள். பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் கோப்புகள் பச்சையாக இருந்தன. மேலே, முதல் வரியில், நேற்றுக் கண்ணில் படாத ஒன்று மட்டும் சிவப்பு. முடிக்காத ஒரே கோப்பு. அதன் எண்ணைத் தட்டினாள். வயது ஐம்பத்தெட்டு, ஆண், நுரையீரல் நோய், ஒரு நாள் உள்நோயாளி, மரணம். பெயரைப் பார்த்தாள். சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்த அந்தப் பெயர்.

அவருடைய மரணக் கோப்பு, மற்ற எல்லாக் கோப்பையும் போல, கணினி தானாகப் பங்கு பிரித்ததில் அவர் பட்டியலுக்கே வந்து விழுந்திருந்தது. பக்கத்தில் அதைத் திறந்து மூடிய நேரங்கள் இருந்தன. காலை ஒன்பது ஐந்துக்குத் திறந்தது, ஒன்பது ஏழுக்கு மூடியது. அடுத்த நாளும் ஒன்பது ஐந்து. அதற்கடுத்த நாளும். ஞாயிற்றுக்கிழமையும் விடவில்லை. இருநூற்றெட்டு முறை. ஒவ்வொரு நாளும் முதல் வேலையாக அதைத் திறந்து, இரண்டு நிமிஷம் பார்த்து, ஒன்றும் போடாமல் மூடிவிட்டு, பிறகுதான் மற்ற கோப்புகள்.

கோடிங் அக்காவின் பயம் அந்த இடத்தில் வேறு மாதிரி ஆனது. பேய்க்கு எதற்குத் தன் சாவைத் தினமும் இரண்டு நிமிஷம் பார்க்க வேண்டும்? தலைமை அலுவலகத்து அம்மாவுக்குப் போன் போட்டு, இந்த லாகின் எந்த இணைப்பிலிருந்து வருகிறது என்று கேட்டாள்.

"வீட்டு இணைப்பு. அவருக்கு மடிக்கணினி கொடுத்தப்போ பதிவு பண்ணின அதே முகவரி. அதை நாங்க திரும்ப வாங்கலையா?"

"வாங்கற கிளார்க் வேலையும் காலிதானே."

"ஆமா, ரெண்டு வருஷமா" என்றார் அந்த அம்மா.

அவர் செத்ததைக் கவனித்த ஒரே இடம் சம்பளப் பிரிவு. அங்கே மட்டும் மறுநாளே பெயரை அடித்துவிட்டார்கள்.

அன்று நான்கு மணிக்கு அவள் பஸ் ஏறிப் போனாள். ஒன்றோடொன்று ஒட்டிய மூன்று மாடிக் கட்டடங்கள்; கீழே ஒரு சைக்கிள் கடை; இரண்டாவது மாடியில் பச்சைக் கதவு. கடைசிப் படியில் கால் வைத்தபோது உள்ளே சத்தம் கேட்டது. டக். டக் டக். நீண்ட இடைவெளி. டக் டக். டக். பதினெட்டு வருஷம் காதில் விழுந்த இரண்டு விரல் சத்தம்! கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். வெயில் படியெல்லாம் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு மட்டும் குளிர்ந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்து, பிறகு கதவைத் தட்டினாள். சத்தம் நின்றது.

கதவைத் திறந்தது அவர் மனைவி. ஒல்லியான பெண்மணி, ஐம்பதைத் தாண்டியவர். நிதானம் சாருடைய பழைய கண்ணாடியைப் போட்டிருந்தார்.

"வாங்க மேடம். ஒருநாள் நீங்க வருவீங்கன்னு அவர் சொல்லிக்கிட்டே இருப்பார்."

"இருப்பாரா?"

"இருந்தார்" என்று அந்தம்மா திருத்திக்கொண்டார்.

உள்ளே ஒரு கட்டில், ஒரு மேசை, மேசையில் ஆஸ்பத்திரி முத்திரை போட்ட மடிக்கணினி. திரையில் யாருடைய கோப்போ பாதியில் நின்றது. நாற்காலி கட்டிலைப் பார்த்த மாதிரி போட்டிருந்தது. கட்டிலில் விரிப்புச் சுருக்கமில்லாமல் இருந்தது. தலையணையில் மட்டும் ஒரு பள்ளம்.

"கடைசி வருஷம் அவருக்குக் கை நடுங்கும். அவர் படிச்சுச் சொல்வார், நான் தட்டுவேன்" என்று அந்தம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்புறம் கண்ணும் போச்சு. நான் படிப்பேன், அவர் நம்பர் சொல்வார். கடைசி ஆறு மாசம் நானே நம்பரும் போடுவேன், அவர் படுத்துக்கிட்டு 'சரி'ன்னு சொல்வார். அவ்வளவுதான்."

"அவர் போனப்புறம்?"

"இதை மூடி வைக்கலாம்னுதான் நாலாம் நாள் திறந்தேன். இருநூத்துச் சொச்சம் பேர் காத்துக்கிட்டிருந்தாங்க. ஒரு குழந்தைக்கு ஏதோ ஊசி ஒத்துக்கலை, அதை இன்னும் யாரும் ஏத்தலை. மறுபடி அதே ஊசியைப் போட்டுட்டா? சரி, இதை மட்டும்னு போட்டேன். அடுத்த நாள் இன்னும் அறுபது. யாராவது போன் பண்ணி நிறுத்துன்னு சொல்வாங்கன்னு இருந்தேன். யாருமே பண்ணலை மேடம்."

கோடிங் அக்காவுக்கு அந்த 'யாருமே' நெஞ்சில் குத்தியது. ஏழு மாதத்தில் அவளும்தான் ஒரு தடவை எட்டிப் பார்க்கவில்லை.

"நேத்து என் கேள்விக்குப் பதில் போட்டது?"

"நான் போடலைங்க" என்றார் அந்தம்மா சட்டென்று. பிறகு, "நான்தான் தட்டினேன். அவர் என்ன சொல்வாரோ அதைத்தான் தட்டினேன். சில நேரம் நான் யோசிக்கறதுக்குள்ளே விரல் போட்டுடும். எனக்கே பயமா இருக்கும். கட்டில் பக்கம் திரும்பி 'சரியா'ன்னு கேட்பேன்."

அவள் கேட்காமலேயே அந்தம்மா கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். கோடிங் அக்காவும் பார்த்தாள். தலையணையிலிருந்த பள்ளத்தைத் தினமும் அந்தம்மாவே கையால் அழுத்தி வைக்கிறார் போலும். அல்லது மதியம் அங்கே தலைசாய்ப்பார். கேட்கத் துணிவு வரவில்லை.

"அந்த ஒரு கோப்பு..." என்று ஆரம்பித்தாள்.

"அதைப் போட முடியலைங்க. போட்டா பச்சை ஆயிடும்."

கீழே சைக்கிள் கடைக்காரன் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அந்தம்மாவே மடிக்கணினியை அவள் பக்கம் தள்ளினார்.

"நீங்க போடுங்க தங்கச்சி. நான் பக்கத்திலே இருக்கேன்."

"இந்த லாகின்ல நான் போடக்கூடாதுக்கா. அவர் லாகின்ல யாருமே போடக்கூடாது. என்னோடதுல போடறேன்."

அப்படியே செய்தாள். அவர் பட்டியலிலிருந்து தன் பட்டியலுக்கு மாற்றி, டாக்டர் எழுதியதை ஒவ்வொரு வரியாகப் படித்து, எண்களைப் போட்டாள். பயந்ததுபோல் எதுவும் நடக்கவில்லை. வரி பச்சையானது. அந்தம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மடிக்கணினியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கோடிங் அக்கா இறங்கினாள்.

மறுநாள் பெரிய டாக்டரிடம் சொன்னாள். அவர் கைகளைக் கோத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"தப்பு ஏதாவது இருக்கா, அந்தப் பன்னிரண்டாயிரத்துல?"

"இருநூறை எடுத்துப் பார்த்தேன் சார். தப்பே இல்லை."

"அப்புறம் என்னம்மா? செத்தும் கொடுத்தான்னு சொல்வாங்களே, அந்த மாதிரி நினைச்சுக்கலாம். நீ அந்த மடிக்கணினியை மறுபடி அங்கேயே கொண்டுபோய் வெச்சுடு. யாருக்குத் தெரியப்போகுது? மூடினா அறுபது கோப்பும் உன் தலையிலதான் விழும்."

அந்த அறையில்தான் அவளுக்கு உண்மையாகப் பயம் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டு, நல்ல மனுஷர் ஒருவர் அதைச் சொன்னார். அவளுக்கும் ஒரு கணம் அது சரியென்றே பட்டது; தன் மனசே அந்தப் பக்கம் சாய்ந்ததை அவள் உணர்ந்தாள்.

"நாளைக்கு ஒரு நம்பர் தப்பாகி யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கேட்பீங்க சார்? அவரையா?" என்றாள். "வெளியாள் கையிலே ஊர்ப்பட்ட பேரோட நோய் இருக்கு. அந்தம்மா நல்லவங்க. அடுத்து உட்கார்ற ஆள் எப்படியோ? நான் மூடறேன். நீங்க ஆளுக்கு எழுதுங்க. மூடினாத்தான் ஒருத்தர் குறையறது தெரியும்."

தலைமை அலுவலகத்துக்கு நடந்ததை நடந்தபடி எழுதி, பெரிய டாக்டரின் கையெழுத்தையும் வாங்கி அனுப்பினாள். அங்கிருந்து இரண்டு பேர் வந்து பன்னிரண்டாயிரத்தையும் சோதித்தார்கள். அந்தம்மாவை விசாரித்தார்கள்; எச்சரித்து விட்டுவிட்டார்கள். லாகின் போயிற்று. அன்றிலிருந்து கோடிங் அக்காவின் பட்டியலில் தினமும் நூற்றிருபது விழுந்தது. ஆறு மாதம் அவள் ஒரு நாள்கூடச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. கழுத்து பிடித்துக்கொண்டது. சில மதியங்களில், சந்தேகம் கேட்கும் பெட்டியைத் தெரியாமல் திறந்துவிட்டு, அந்த எண்ணைப் பாதி தட்டிய பிறகு நிறுத்துவாள்.

வேலைக்கு விளம்பரம் வந்தது. பரீட்சை தேறியவர்கள் மட்டும் என்று போட்டிருந்தார்கள். முதல் தடவை யாரும் மனுப் போடவில்லை. இரண்டாம் தடவை ஒருவன் வந்து, கீழ்த்தளத்தைப் பார்த்து, பக்கத்து அறை என்னவென்று கேட்டுவிட்டு, போனவன் போனவன்தான். மூன்றாம் தடவை ஒரே ஒரு மனு. ஐம்பத்திரண்டு வயது, ஆறு மாதப் படிப்பை முடித்து, வகுப்பிலேயே முதல் மதிப்பெண்.

நேர்காணலில் முன் அனுபவம் உண்டா என்று கேட்டார்களாம். நிதானம் சாரின் மனைவி என்ன சொல்வது என்று விழித்தாராம். விசாரித்து எச்சரித்த இரண்டு பேரில் ஒருவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "இருக்கு, எனக்குத் தெரியும். அடுத்த கேள்வி" என்றாராம். இதை அந்தம்மாவே சொல்லிச் சிரித்தார்.

சேர்ந்த அன்று எந்த மேசை வேண்டும் என்று கோடிங் அக்கா கேட்டாள். அந்தம்மா எட்டுக் காலி நாற்காலிகளையும் பார்த்துவிட்டு, ஜன்னலுக்குக் கீழே இருந்ததில் போய் உட்கார்ந்தார். சொந்தப் பெயரில் லாகின் வாங்கினார். குறிப்புக் கட்டத்தைக் காலியாகவே விட்டார். இரண்டு விரலால்தான் தட்டுவார். அந்தச் சத்தத்துக்குக் கோடிங் அக்காவின் முதுகு முதல் மாதம் முழுக்கச் சிலிர்த்தது. இரண்டாவது வாரம், "தங்கச்சி, நீ போட்டதுல ஒரு நம்பர் தப்பு" என்று அவள் கோப்பைத் திருப்பி அனுப்பினார். தப்புத்தான். கோடிங் அக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பத்து நிமிஷம் கழித்து அதைவிடப் பெரிய நிம்மதி வந்தது.

ஏழு நாற்காலி இன்னும் காலி. அதற்கும் மாதா மாதம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவள் நான்கு நாள் விடுப்பு எடுத்து, மகளைப் பார்க்கப் போனாள். இரண்டு நாள் போன் வராததில் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. மூன்றாம் நாள் தாங்க மாட்டாமல் அவளே கூப்பிட்டாள்.

"என்னக்கா, எவ்வளவு குவிஞ்சிருக்கு?"

"குவிஞ்சா குவியட்டும். உன் பொண்ணு பக்கத்துல இருக்காளா?"

"இருக்கா."

"அப்போ போனை வை" என்றார் அந்தம்மா.

அவள் போனை வைத்துவிட்டு, மகளின் கட்டிலிலேயே சாய்ந்து, மதியம் முழுவதும் தூங்கினாள்.